மூன்று நிமிடமும் முள்வேலியும்: தொலைந்த பந்து, கண்ணில் படாத தவறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு மலையில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கும் அவர்களுக்குப் பை சுமக்கிறவர்களுக்கும் நடுவே பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறேன். முதலில் பந்து பொறுக்கும் பையன், பிறகு ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி, இப்போது போட்டி நாட்களில் ஸ்கோர் அட்டைகளைச் சரிபார்க்கிற ஆள். போலீஸ் பட்டியலில் இருக்கும் கேடிக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்யாணப் பேச்சின்போது என் தொழிலைப் பெண்வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல என் அம்மா பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஊர் கேரளத்தில் இருக்கிறது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் பேசுவது தமிழ். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில், சண்டை தமிழில். போடிமெட்டு ஏறி வரும் தேனி, மதுரை ஆட்டக்காரர்களும், புதிதாகப் பை தூக்க வரும் பையன்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு வகைதான்: பந்து தொலைந்தால் என்ன, தவறு செய்ததை யாருமே பார்க்கவில்லை என்றால் என்ன. அந்தக் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன்.

பந்தைத் தேட எவ்வளவு நேரம்?

3 நிமிடம். 2019 ஜனவரி 1-க்கு முன் 5 நிமிடமாக இருந்தது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்பதால் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரண்டு அமைப்புகளும் குறைத்தன. இன்னும் 5 நிமிடம் என்று வாதாடுகிற பெரியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களோடு வாதாடுவதற்குள் 3 நிமிடம் போய்விடும்.

அந்த 3 நிமிடம் எப்போது தொடங்குகிறது?

சச்சரவில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பந்து மறைந்த நொடியிலிருந்து கணக்கில்லை. நீங்கள் நடந்து போகும் நேரமும் கணக்கில்லை. பந்து கிடக்கலாம் என்று நினைக்கும் இடத்துக்கு வந்து, நீங்களோ உங்கள் கேடியோ தேடத் தொடங்கும் கணத்திலிருந்துதான் கணக்கு. இருவர் ஓர் அணியாக ஆடும் ஆட்டத்தில் உங்கள் கூட்டாளியும் அவருடைய கேடியும் தேடத் தொடங்கினாலும் அப்படியே.

எதிராளி தேடினால்? வேலிக்கு அப்பால் கொழுந்து எடுக்கும் பெண்கள் எட்டிப் பார்த்துத் தேடினால்? கடிகாரம் ஓடாது. அவர்கள் பத்து நிமிடம் தேடியிருந்தாலும், நீங்கள் வந்த பிறகு உங்களுக்கு முழு 3 நிமிடம் இருக்கிறது.

புதுக் கேடிகள் செய்யும் பெரிய தவறு, துரை மனம் குளிரட்டும் என்று முந்திக்கொண்டு ஓடுவது. சரிவில் இறங்கி, புல்லை விலக்கி, மூச்சு வாங்கத் தேடுவான். அவன் குனிந்த நொடியே துரையின் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். துரை தடியூன்றி நிதானமாக வந்து சேரும்போது இரண்டு நிமிடம் கரைந்திருக்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மூத்த கேடி அண்ணன், பந்து விழுந்த திசையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதையான ஃபேர்வேயின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கண் மட்டும் அந்த மரத்தை விட்டு நகராது. பார்ப்பவர்களுக்குச் சோம்பேறிபோல் தெரியும். எல்லாரும் வந்து சேரும் வரை தேட வேண்டாம் என்று கேடிக்குச் சொல்ல ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு என்பதை விதியின் விளக்கமே சொல்கிறது. அண்ணன் அந்த விளக்கத்தைப் படித்தவர் இல்லை.

இதைச் சாக்காக வைத்து ஆடி அசைந்து வரக் கூடாது. காரணமில்லாமல் ஆட்டத்தைத் தாமதப்படுத்தினால் முதல் முறை ஓர் அடி தண்டனை (அடிக்கணக்கில் ஒன்று கூடும்), அடுத்த முறை பொதுத் தண்டனை, மூன்றாம் முறை வெளியேற்றம். பொதுத் தண்டனை என்ற சொல் இனியும் பலமுறை வரும். மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில் அது 2 அடி. குழிக்குக் குழி மோதும் மேட்ச் ஆட்டத்தில் அந்தக் குழியையே இழப்பது.

இரண்டு பேருக்கு ஒரே கேடி. அவர் தேடினால் யாருடைய நேரம் ஓடும்?

யாருடைய பந்தைத் தேடுகிறாரோ அவருடையது. ஆள் குறைவான நாட்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

நேரத்தை யார் பார்க்க வேண்டும்?

நடுவர் கூட இல்லாத ஆட்டத்தில் அதற்கென்று ஒருவரை விதி நியமிக்கவில்லை. பொறுப்பு உங்களுடையது. கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் சொல்லும் வழி, தேடத் தொடங்கும்போதே எல்லார் காதிலும் விழும்படி மணியைச் சொல்லிவிடுவது. "பத்து இருபத்து மூன்று, தொடங்குகிறேன்" என்றால் போதும். பிறகு யாரும் "இப்போதுதானே வந்தோம்" என்று இழுக்க முடியாது.

தேடுகிறவனுடைய நேரமும் காத்திருக்கிறவனுடைய நேரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு முறை என் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு நால்வர் குழுவை மட்டும் கவனித்தேன். முள் மூன்று சுற்று முடித்த பிறகு எவ்வளவு நேரம் தேடியிருப்பீர்கள் என்று கேட்டேன். பந்தைத் தொலைத்தவர் ஒரு நிமிடம் என்றார். மற்ற மூவரில் ஒருவர் ஆறு என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை.

2 நிமிடம் 50 நொடியில் கேடி "இதோ ஒரு பந்து" என்று கத்துகிறான். நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். போய்ப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுமே?

கவலை வேண்டாம். 3 நிமிடத்துக்குள் பந்து கண்ணில் பட்டுவிட்டால், அது உங்களுடையதுதானா என்று உறுதி செய்ய நியாயமான நேரம் உண்டு. நீங்கள் நடந்து வரும் நேரமும் அதில் சேரும். வந்து குனிந்து பார்க்கும்போது 4 நிமிடம் ஆகியிருந்தாலும், அது உங்கள் பந்து என்றால் ஆடலாம்.

அடையாளம் போடாத பந்தோடு வருகிறவர்களுக்கு இந்தச் சலுகையால் பயன் இல்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே எண் போட்ட இரண்டு பந்துகள் புல்லில் அருகருகே கிடந்து, எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போனால் இரண்டுமே தொலைந்த கணக்கு. பேனாவால் ஒரு புள்ளி வைக்க எத்தனை நொடி ஆகும்? அடையாளம் பார்க்கப் பந்தை எடுக்க வேண்டுமானால், முதலில் அது இருந்த இடத்தைக் குறியுங்கள். தேவைக்கு மேல் துடைக்காதீர்கள். இதில் பிசகினால் ஓர் அடி தண்டனை.

மூடுபனி இறங்கிவிட்டது, மழை கொட்டுகிறது, காலில் அட்டை ஏறிவிட்டது. கடிகாரம் நிற்குமா?

பனிக்கு நிற்காது. மழைக்கு நிற்காது. அட்டையைப் பிடுங்குவதற்கு விதியில் தனி நேரம் ஒதுக்கப்படவில்லை, மூக்குப்பொடியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தைப் போட்டி நடத்தும் குழு அதிகாரபூர்வமாக நிறுத்தினால் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஒரு நிமிடம் தேடிய நிலையில் மின்னலுக்காகச் சங்கு ஊதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடுவதை விட்டுவிட்டு ஒதுங்கினால் மீதி 2 நிமிடம் உங்களுக்காகக் காத்திருக்கும். சங்கு ஊதிய பிறகும் விடாமல் தேடிக்கொண்டிருந்தால் கடிகாரமும் விடாமல் ஓடும். ஆட்டம் நின்றிருந்தாலும் 3 நிமிடம் முடிந்தால் பந்து தொலைந்ததுதான்.

யானையைப் பற்றியும் கேட்பார்கள், மூணாறு ஆயிற்றே. யானை நிற்கும் இடத்தில் பந்தைத் தேடாதீர்கள். விதிக்கு முன்னால் உயிர்.

கண்டுபிடித்த பந்தையே மறுபடி தொலைத்துவிட்டேன். புதிதாக 3 நிமிடம் கிடைக்குமா?

கிடைக்காது, மீதிதான் கிடைக்கும். 2 நிமிடத்தில் பந்தைக் கண்டுபிடித்து, வேறு மட்டை எடுக்கப் பையிடம் போய்த் திரும்பினால் பந்து இருந்த இடம் தெரியவில்லை. நம்ப மாட்டீர்கள், மழைக்காலப் புல்லில் இது சகஜம். முதலில் கண்டபோதே கடிகாரம் நின்றுவிட்டது. மறுபடி தேடத் தொடங்கும்போது உங்களுக்கு 1 நிமிடம் இருக்கிறது.

"போதும், தொலைந்துவிட்டது" என்று வாயால் சொல்லிவிட்டால் தொலைந்ததாகிவிடுமா?

ஆகாது. பந்தை வாயால் தொலைக்க முடியாது. இரண்டு நிமிடம் தேடிவிட்டு, கையை உதறிக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்குத் திரும்ப நடக்கிறீர்கள். அங்கே வேறு பந்தை ஆட்டத்தில் இறக்குவதற்குள், 3 நிமிடம் முடியும் முன், யாராவது பழைய பந்தைக் கண்டுபிடித்தால் அதுதான் உங்கள் பந்து. திரும்பி வர வேண்டும்.

தற்காலிகப் பந்து என்றால் என்ன? எப்போது அடிக்க வேண்டும்?

அடித்த பந்து தொலைந்திருக்கலாம் அல்லது எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், தேடப் போகும் முன்பே அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை அடித்து வைக்கலாம். பழைய பந்து கிடைத்தால் இது செல்லாது. கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டனையோடு இதைத் தொடரலாம். திரும்ப மேடேறி வரும் வேலை மிச்சம். எங்கள் மைதானத்தின் ஏற்றங்களில் ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

ஒரே நிபந்தனை, அடிப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இது தற்காலிகம்" என்று தமிழில் சொன்னாலும் சரி, பொருள் தெளிவாக இருந்தால் போதும். "இன்னொன்று அடித்துப் பார்க்கிறேன்" என்று முனகினால் போதாது. சொல்லாமல் அடித்தால் அதுவே உங்கள் ஆட்டப் பந்து. பழைய பந்து ஃபேர்வே நடுவில் சிரித்துக்கொண்டு கிடந்தாலும் தொடக்கூடாது.

பந்து தண்டனைப் பகுதிக்குள், அதாவது ஓடை குளம் என்று குறிக்கப்பட்ட இடத்துக்குள்தான் போயிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் தற்காலிகப் பந்துக்கு இடமில்லை.

தற்காலிகப் பந்து குழிக்குப் பக்கத்தில் அருமையாக நிற்கிறது. பழைய பந்து கிடைக்காமல் இருந்தால் நல்லது. "தேட வேண்டாம்" என்று சொல்லலாமா?

சொல்லலாம். எதிராளி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் ஆர்வத்தோடு புதருக்குள் புகுந்து உங்கள் பழைய பந்தைத் தேடுவார், நட்பு அப்படி. அவர் தேடினால் உங்கள் கடிகாரம் ஓடாது என்பதும் நினைவிருக்கட்டும். பழைய பந்து கிடக்கக்கூடிய இடத்தைவிடக் குழிக்கு அருகில் தற்காலிகப் பந்து நின்று, அதை நீங்கள் அடித்துவிட்டால் பழைய பந்தின் கதை அத்தோடு முடிந்தது. எனவே ஒருவர் புதருக்குள்ளும் மற்றவர் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனை நோக்கியும் விரையும் காட்சியை அவ்வப்போது பார்க்கலாம். இரண்டு பேரும் செய்வது விதிப்படி சரியே. பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

3 நிமிடம் 10 நொடியில் பந்து கிடைத்தது. பத்து நொடிதானே?

இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

விதி தெளிவாக இருக்கிறது. 3 நிமிடம் முடிந்ததும் அந்தப் பந்து ஆட்டத்தில் இல்லை. அதை அடித்தால் தவறான பந்தை அடித்த குற்றம், பொதுத் தண்டனை. அடிக்கணக்கு ஆட்டத்தில் 2 அடி சேர்வதோடு, முன்பு அடித்த இடத்துக்குப் போய்ச் சரிசெய்யவும் வேண்டும். சரிசெய்யாமல் அடுத்த குழியைத் தொடங்கினால் போட்டியிலிருந்தே நீக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உள்ளூர்ப் போட்டியின் கடைசிக் குழிகளில், முள்வேலி ஓரப் புல்லில் தேடிக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை. பனி இடுப்பளவு வந்துவிட்டது. நான் பை சுமந்தவர் முன்னணியில் இருந்தார். என் கையில் கடிகாரம். நொடி முள் மூன்றாம் முறை பன்னிரண்டைத் தாண்டியதைப் பார்த்தேன். நிமிர்ந்து சொல்ல வாயெடுத்தபோது, என் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி, புல்லின் வேரில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நீல மையில் இரண்டு புள்ளி. அவருடையதுதான். மற்றவர்கள் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு அப்போது தோன்றியவை எல்லாம் நல்ல எண்ணங்கள் அல்ல. அவர் ஜெயித்தால் எனக்கும் கையில் ஏதாவது கிடைக்கும். பந்தைக் காலால் மூடவும் செய்யலாம், "கிடைத்தது" என்று கத்தவும் செய்யலாம். நான் இரண்டும் செய்யவில்லை, பேசாமல் நின்றேன். அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. அவராக என் பக்கம் வந்து, பந்தைப் பார்த்து, பிறகு என் கடிகாரத்தைப் பார்த்து, "எவ்வளவு?" என்றார். "தாண்டிவிட்டது" என்றேன். பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேட்டில் திரும்ப ஏறினார். தற்காலிகப் பந்து அடிக்காமல் வந்ததற்காக வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அதை நினைவூட்டாதது என் தவறுதான்.

இப்படித் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டுமா?

பழைய நியாயம் அது. 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத் மைதானத்துக்காக எழுதப்பட்ட 13 விதிகளில் எட்டாவது, பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்துக்குத் திரும்பி வேறு பந்தைப் போட்டு, எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடு என்கிறது. இன்றைய விதி அதன் பேரன்தான். ஆனால் 2019 முதல், உள்ளூர் விதியாக ஒரு மாற்று வழியை மைதானங்கள் வைத்துக்கொள்ளலாம். 2 தண்டனை அடி ஏற்றுக்கொண்டு, பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் பந்தைப் போட்டு ஆடலாம். தற்காலிகப் பந்து அடித்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. பெரிய தொழில்முறைப் போட்டிகளிலும் கிடையாது. ஆடும் முன் மைதானத்தில் இந்த விதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

தேடும்போது என் பந்தை நானே மிதித்துவிட்டேன்.

தண்டனை இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள். புல்லை விலக்குவது, சருகைத் தள்ளுவது எல்லாம் நியாயமான தேடலுக்குள் அடங்கும். தேடுகிற சாக்கில் பந்துக்குப் பின்னால் இருக்கும் புல்லை நன்றாகப் படுக்க வைப்பது அடங்காது. சில கால்களுக்கு எந்தப் புல்லை மிதிக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும்.

கொழுந்து எடுக்கிறவர் பந்தை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டால்?

மைதானத்துக்குள் நின்ற பந்தை வெளியாள் எடுத்தார் என்பது உறுதியாகத் தெரிந்தால், தண்டனையில்லாமல் அது இருந்த இடத்தில் பந்தை வைத்து ஆடலாம். நாய், குரங்கு, காக்கைக்கும் இதே விதிதான். "எடுத்திருப்பார்கள்" என்ற ஊகம் போதாது. விதி கேட்பது ஏறக்குறைய முழு நிச்சயம். பந்து தேயிலைக்குள் விழுந்து, அது எல்லைக்கு வெளியே என்றால், யார் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உங்களுக்கு வேறுபாடில்லை.

கூடையைச் சோதிக்கக் கிளம்புகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வேண்டாம். அந்தக் கூடை கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாளைக்கு எத்தனை முறை சோதிக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

நான் விதியை மீறியதே எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவும் இல்லை. அதற்கும் தண்டனையா?

மீறல் மீறல்தான். கண்ணில் படாததால் அது இல்லாமல் போவதில்லை. ஆனால் தெரியாமல் செய்தவரையும் தெரிந்து மறைத்தவரையும் விதி ஒரே தட்டில் வைப்பதில்லை.

அடிக்கணக்கு ஆட்டத்தில், உண்மையில் எடுத்ததைவிடக் குறைந்த எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்தால் நீக்கம். விட்டுப்போனது, அட்டையைக் கொடுக்கும் வரை உங்களுக்குத் தெரியாத தண்டனை அடி என்றால் நீக்கம் இல்லை, அந்த அடிகளை மட்டும் சேர்ப்பார்கள். முன்பு இப்படி இல்லை. 1987-இல் சான் டியேகோவில் நடந்த தொழில்முறைப் போட்டியில் கிரெய்க் ஸ்டாட்லர் ஒரு மரத்தடியில் மண்டியிட்டு அடித்தார். கால்சட்டையில் அழுக்குப் படாமல் இருக்கத் துண்டை விரித்துக்கொண்டார். அது நிற்கும் இடத்தைத் தானே அமைத்துக்கொண்ட குற்றம். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறுநாள் சொல்ல, தவறான அட்டையைக் கொடுத்ததாக நீக்கப்பட்டார். இன்று நடந்திருந்தால் 2 அடியோடு போயிருக்கும்.

மேட்ச் ஆட்டம் இன்னும் கறாரானது. தண்டனை வாங்கினால் உடனே எதிராளியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு, அவர் அடுத்த அடியை அடித்துவிட்டால் குழி போய்விடும். "எனக்குத் தெரியாதே" என்பது அங்கே எடுபடாது. விதியை அறிந்திருப்பது ஆட்டக்காரரின் கடமை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கண்ணில் படாமலே நடக்கும் மீறல்கள் எவை?

முதலிடம் மணல் பள்ளத்துக்கு. பங்கரில் பந்தை அடிக்கும் முன் ஒத்திகை வீச்சில் மணலைத் தொட்டால் பொதுத் தண்டனை. ஆட்டக்காரரின் பார்வை பந்தின் மேல் இருக்கும், கைக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கும் கேடிக்குத்தான் தெரியும். ஈர மணலில் மட்டை உரசினால் பூனை நகத்தால் கீறியது போல மெல்லிய கோடு விழும். மணலைச் சமன் செய்யப் பலகையை நான்தான் இழுக்கிறேன், அந்தக் கோட்டை அழிப்பதும் நான்தான்.

அடுத்தது கிரீனில். மற்றவருக்கு வழிவிட, பந்தை எடுத்த இடத்தில் வைத்த குறியை ஒரு மட்டையளவு தள்ளி வைத்துவிட்டு, திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பது. பிறகு, "என்ன மட்டையில் அடித்தாய்?" என்று போட்டியில் எதிராளியைக் கேட்பது. நாகரிகமான பேச்சுபோல் இருக்கும், பொதுத் தண்டனை. தூரத்தைக் கேட்டால் குற்றமில்லை. ஆட்டக்காரர் நிற்கத் தொடங்கும்போது கேடி அவருக்குப் பின்னால் பந்தின் நேர்கோட்டில் நிற்பதும் குற்றம். பந்தைக் கீழே விட வேண்டிய உயரம் 2019 முதல் முழங்கால், தோள் அல்ல. பழைய கைகள் இன்னும் தோளுக்குத்தான் போகின்றன.

நான் மட்டும் பார்த்தேன். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

ஆம். தண்டனையை ஆட்டக்காரர் தாமே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படை. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ், புல்லில் தம் பந்து அசைந்ததாகத் தாமே சொல்லி ஓர் அடி ஏற்றுக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலை. மறு ஆட்டம் 18 குழியிலும் சமநிலை, அடுத்த 18-இல் ஓர் அடியில் தோற்றார்.

எனக்குப் பிடித்தது 2010-இல் நடந்தது. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில், ஜிம் ஃப்யூரிக்கோடு வெற்றியைத் தீர்மானிக்கும் கூடுதல் குழியில், பிரையன் டேவிஸ் மட்டையைப் பின்னால் ஓங்கும்போது காய்ந்த நாணல் ஒன்றில் உரசியது. அவரே அதிகாரியை அழைத்துச் சொன்னார். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துத்தான் மற்றவர்களால் உறுதி செய்ய முடிந்தது. 2 அடி, வெற்றி போயிற்று. 2019-இல் விதி மாறிய பிறகு அது குற்றமே அல்ல. ஒன்பது ஆண்டு முந்திவிட்டார், பாவம்.

கூட ஆடுகிறவரின் தவறைப் பார்த்துவிட்டேன். காட்டிக்கொடுக்க வேண்டுமா?

ஆட்டத்தின் வகையைப் பொறுத்தது. மேட்ச் ஆட்டத்தில் எதிராளியின் மீறலை நீங்களாகவே கண்டும் காணாமல் விடலாம், உங்கள் விருப்பம். இருவரும் பேசிவைத்துக்கொண்டு விதியைத் தள்ளி வைத்தால் மட்டும் இருவருக்கும் நீக்கம்.

அடிக்கணக்கில் அப்படி இல்லை. மைதானத்தில் இருக்கும் எல்லாரோடும் அவர் போட்டியிடுகிறார். உங்கள் தாராளத்துக்கு மற்றவர்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அவரிடமோ, அவருடைய அடிகளை அட்டையில் எழுதும் மார்க்கரிடமோ, குழுவிடமோ உடனே சொல்ல வேண்டும், அட்டை கைமாறுவதற்கு முன் சொல்வது நல்லது. அவர் தோளைத் தட்டித் தனியே சொல்லுங்கள். தவறு என்று தெரிந்தே மார்க்கர் கையெழுத்துப் போட்டால் அவரும் நீக்கப்படலாம்.

கேடி பார்த்தால்?

தம் ஆட்டக்காரரிடம் உடனே, மெதுவாக, ஒரே ஒரு முறை. கிரீனில் கூட்டத்துக்கு நடுவே வேண்டாம். அடுத்த குழியின் தொடக்க இடமான டீக்கு நடக்கும்போது பையின் வாரைச் சரிசெய்வதுபோல் பக்கத்தில் போய், "சார், மணலில் கோடு விழுந்தது" என்றால் போதும். "தண்டனை" என்ற சொல் நம் வாயிலிருந்து வர வேண்டாம். கேட்பதும் கேட்காததும் அவர் பாடு. கேடி விதியை மீறினால் தண்டனை ஆட்டக்காரருக்குத்தான் போகிறது. அந்தக் கணக்கில் அவர் நமக்குக் கொஞ்சம் காது கொடுப்பது நியாயம்.

தொலைக்காட்சியில் பார்த்துப் புகார் செய்கிறார்களாமே?

அதற்கு முற்றுப்புள்ளி வைத்த கதை இது. 2017 ஏப்ரலில், கலிஃபோர்னியாவில் ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்சி தாம்சன் சனிக்கிழமை கிரீனில் பந்தைக் குறித்து எடுத்துத் திரும்ப வைக்கும்போது சற்றே தள்ளி வைத்தார். பார்வையாளர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் முன்னணியில் ஆடிக்கொண்டிருந்தவரிடம் 4 அடி தண்டனை என்றார்கள். தவறான இடத்துக்கு 2, தவறான அட்டைக்கு 2. கூடுதல் ஆட்டம் வரை போராடி ரியூ சோ யோனிடம் தோற்றார். அந்த ஆண்டின் இறுதியில் பார்வையாளர் புகாரை ஏற்பதில்லை என்று முடிவானது. அட்டைக்கான கூடுதல் 2 அடியும் கைவிடப்பட்டது. வெறுங்கண்ணால் பார்த்திருக்க முடியாததை வீடியோவை வைத்துக் குற்றமாக்க முடியாது என்பதும் இன்று விதியில் இருக்கிறது.

பரிசு கொடுத்து முடிந்த பிறகு தெரியவந்தால்?

தெரியாமல் விட்ட தண்டனைக்குப் போட்டி முடிந்த பிறகு வழக்கில்லை. தெரிந்தே மறைத்திருந்தால் கோப்பையை எத்தனை மாதம் கழித்தும் திரும்பக் கேட்கலாம்.

தொலைந்த பந்துகள் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன?

கணிசமானவை தேயிலைக்குள்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலிக்கு அப்பால் இருக்கும் பகுதியில் கவாத்து வெட்டும்போது, செடிகள் மொட்டையாகி, அடியில் மண் தெரியும். அப்போது பந்துகள் காளான் முளைத்தது போல வெளியே வருகின்றன. மஞ்சளித்தவை, தோல் பிளந்தவை, பாசி பிடித்தவை. சிலவற்றில் பேனாப் புள்ளி இன்னும் அழியாமல் இருக்கிறது. சென்ற கவாத்தில் கிடைத்த ஒரு பந்தை லயத்துப் பையன் ஒருவன் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். சிவப்பு மையில் மூன்று புள்ளி. யாருடையது என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடக் காலத்தில் தொலைந்தது. அன்று அந்த வேலி ஓரத்தில் நானும் தேடியிருக்கிறேன்.